குமிழை எங்கே கொண்டு போனீர்கள்?

என் மகன் தன் நண்பர்களிடம் என்னைப் பற்றி அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "அப்பாவுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது." இது அபாண்டம். தொலைபேசித் துறையில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் நான். 1978ல் சேர்ந்தபோது ட்ரங்க் போர்டில் பெண்கள் கையால் கார்டு சொருகி லைன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஸ்ட்ரௌஜர், கிராஸ்பார், இ-10பி, சி-டாட், பிராட்பேண்ட் என்று எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் டிரெயினிங் போய், 2014ல் மாலையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புதுசு பிடிக்காதவன் அந்த வேலையில் ஆறு மாசம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

எனக்குப் பிடிக்காதது வேறு. புதுசு என்று சொல்லிக்கொண்டு கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொள்கிறார்களே, பிடுங்கியதற்கும் சேர்த்து நம்மிடமே காசு வாங்குகிறார்களே, அது.

விஷயம் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். இதற்குப் போய் இத்தனை கோபமா என்று கேட்கத் தோன்றினால், கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

2016ல் மருமகன் அதை வாங்கிக்கொண்டு வந்தார். கம்பெனி பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் சண்டை ஒரு கம்பெனியோடு இல்லை, இன்று எல்லாரும் செய்வது இதுதான். செங்கல்லை விடக் கொஞ்சம் சிறிய பெட்டி. இடது பக்கம் ஒரு குமிழ். திருகினால் "டிக்" என்று ஒரு சத்தம், பெட்டிக்கு உயிர் வந்துவிடும். மேலும் திருகினால் சத்தம் கூடும். மேலே மூன்று பொத்தான், மூன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரிப் புடைத்திருக்கும். முதல் பொத்தானை அமுக்க அமுக்க எஃப்.எம்., மெமரி கார்டு, ஆக்ஸ் வயர், புளூடூத் என்று மாறும். பின்பக்கம் கார்டு போட ஒரு துளை, வயர் சொருக ஒரு துளை. அவ்வளவுதான் அந்தப் பெட்டி. பாட்டின் தரம் சுமார். பாஸ் கொஞ்சம் டப்பாவில் தட்டுகிற மாதிரி இருக்கும்.

அதே வருஷம்தான் என் மனைவிக்குக் கண்ணில் க்ளாக்கோமா என்று சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய். வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடுவுக்கு வரும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் ஆயிற்று. இப்போது அவளுக்கு ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவு வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த நேரத்தில் அதுவும் இல்லை.

அவள் எழுவது காலை நாலரை மணிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். விளக்குப் போடாமலே எழுந்து, அலமாரி ஓரமாகக் கையை வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, அந்தக் குமிழைத் திருகுவாள். டிக். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம். செவ்வாய்க்கிழமையானால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அது முடிந்தால் ஒரு அமுக்கு அமுக்கி எஃப்.எம். 101.4ல் ரெயின்போ, பிடிக்காவிட்டால் 102.3ல் கோல்டு. மத்தியானம் சுசீலா. கார்டில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது அவளுக்கு மனப்பாடம். அஞ்சு தடவை அமுக்கினால் சீர்காழி வருவார் என்று கணக்கு வைத்திருந்தாள்.

கண் போனதில் அவள் விட்டுக்கொடுத்தவை நிறைய. பேப்பர் படிப்பது போயிற்று, கோலம் போயிற்று, தனியாகக் கபாலி கோயிலுக்குப் போய் வருவது போயிற்று. ஒவ்வொன்றுக்கும் என்னையோ, வேலை செய்ய வருகிற பெண்ணையோ கூப்பிட வேண்டியிருந்தது. யாரையும் கூப்பிடாமல் அவள் செய்ததில் முக்கியமானது இந்தப் பாட்டுப் பெட்டி. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தது பிறகு.

எட்டு வருஷம் உழைத்தது. 2024 மே மாசம் சார்ஜ் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினால் அஞ்சு நிமிஷத்தில் மூச்சு நின்றுவிடும். லித்தியம் பேட்டரிக்கு இது இயற்கை. சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும், நம்மூர் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டார்ச் லைட்டில் பேட்டரி தீர்ந்தால் மாற்றுகிறோம், டார்ச்சைத் தூக்கிப் போடுவதில்லையே என்ற நம்பிக்கையில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்த பிள்ளை கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிவிட்டு, "இது எண்ட் ஆஃப் லைஃப் மாடல் சார்" என்றான். எனக்கு அப்போது 70 நடந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தையை அவன் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பேட்டரி மாற்ற முடியாதாம், உள்ளே சீல் பண்ணியதாம், பார்ட்ஸும் வராதாம். "இதையே குடுத்துட்டுப் புது வெர்ஷன் எடுத்துக்கங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல குறைச்சுத் தர்றோம். இதைவிட டபுள் சவுண்டு." நான் பழசைக் கொடுக்கவில்லை, புதுசை மட்டும் முழு விலைக்கு வாங்கினேன். பழைய சாமானைத் தூக்கிக் கொடுக்காத என் புத்தியை வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். இந்த முறை அது கைகொடுத்தது.

புதுசின் பெயர் பழைய பெயரேதான், பின்னால் ஒரு எண் கூடியிருந்தது. உருண்டையாக, துணி சுற்றி, பார்க்க லட்சணமாக இருந்தது. சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, இதை மறைக்க மாட்டேன். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்டன.

குமிழ் இல்லை. எஃப்.எம். இல்லை. கார்டு போடும் துளை இல்லை. வயர் சொருகும் துளை இல்லை. மேலே ஒரே ரப்பர் தகடு, அதில் நாலு குறி அச்சடித்திருந்தது. தடவினால் நாலும் ஒன்றுதான். ஒரு தடவை தொட்டால் ஒன்று, இரண்டு தடவை தொட்டால் வேறு, அழுத்திப் பிடித்தால் மூன்றாவது. தப்பாகத் தொட்டால் ஒரு வெள்ளைக்காரி உள்ளேயிருந்து ஏதோ சொல்வாள். போன் இல்லாமல் அந்தப் பெட்டியால் ஒரு ஸ்வரம்கூடப் பாட முடியாது. போனிலோ, முதலில் ஆப் போட வேண்டும். ஆப்புக்கு ஈமெயில் வேண்டும், பிறந்த தேதி வேண்டும், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அனுமதி வேண்டும். மந்தவெளியில் ஒரு கிழவி சுப்ரபாதம் கேட்பதற்கு அவள் இருக்குமிடம் எதற்கு ஐயா?

போன் என்பது கண்ணாடிப் பலகை. பார்வை குறைந்தவர்களுக்கு அதில் எழுத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற வசதி இருக்கிறது. மகள் வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பத்து நாள் முயன்றாள் என் மனைவி. 66 வயதில் ஒரு விரலால் தடவு, இரண்டு விரலால் நகர்த்து, இரண்டு தரம் தட்டு என்று. அதைப் பழகிக்கொண்டு உலகத்தையே ஆள்கிற பார்வையற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். இவளால் முடியவில்லை. மகன் அங்கேயிருந்து, கூப்பிட்டால் பேசும் ஸ்பீக்கர் ஒன்றை அனுப்பினான். இவளுடைய திருநெல்வேலித் தமிழுக்கு அது ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது.

ஆகவே காலை நாலரைக்கு அவள் என்னை எழுப்ப வேண்டியதாயிற்று. "ஏங்க, இதைக் கொஞ்சம் போட்டு விடுங்களேன்." நான் எழுந்து, கண்ணாடி தேடி, போன் தேடி, கனெக்ட் ஆகாமல், அணைத்துப் போட்டு, ஒருவழியாகப் பாட வைப்பேன். முகம் சுளிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் தூக்கக் கலக்கத்தில் விட்ட பெருமூச்சு ஒன்றிரண்டு அவள் காதில் விழுந்திருக்கும். கண்தான் மங்கல், காது கூர்மை. ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் விழிப்பு வந்து பார்க்கிறேன், மணி அஞ்சே கால். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அவள் இருட்டில் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். "ஏன் என்னை எழுப்பலை?" என்றேன். "தினம் என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு, நீங்க தூங்குங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, படிப்பேன். உத்தியோகப் பழக்கம். பழைய மாடலையும் புதிய மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வீடியோக்கள், கட்டுரைகள் என்று ஒரு வாரம் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அட்டவணை. எத்தனை வாட், எத்தனை மணி நேரம், புளூடூத் எத்தனையாவது பதிப்பு, என்ன கலர். கூடியதற்கெல்லாம் ஒரு கட்டம் இருக்கிறது. எடுத்ததற்குக் கட்டமே இல்லை. எங்கள் ஆபீசில் ஸ்டோர் ரெஜிஸ்தரை இப்படி எழுதியிருந்தால் ஆடிட்காரர் சார்ஜ் மெமோ கொடுத்திருப்பார். வரவு மட்டும் எழுதிச் செலவு எழுதாத கணக்கு.

நான் சொல்வது என் வீட்டு ஒரு பெட்டியின் கதை என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி, உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். ஜேபிஎல் ஃபிளிப். கல்லூரிப் பிள்ளைகள் கையில் தண்ணீர் பாட்டில் மாதிரி வைத்துக்கொண்டு திரிவார்களே, அது. நல்ல சாமான், இல்லையென்று சொல்லவில்லை. 2017ல் வந்தது நாலாவது. அதில் ஆக்ஸ் துளை உண்டு, போன் வந்தால் ஸ்பீக்கரிலேயே பேச மைக் உண்டு. 2019ல் அஞ்சாவது வந்தது. ஆக்ஸ் போயிற்று, மைக்கும் போயிற்று. பேட்டரி 3000லிருந்து 4800 மில்லி ஆம்பியர் ஆயிற்று, ஆனால் பெட்டி மேல் போட்டிருந்த நேரம் அதே 12 மணிதான். கூடிய சக்தியெல்லாம் கூடுதல் சத்தத்துக்கே போயிற்று. 2021ல் ஆறாவது. உச்ச ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தார்கள், தூசியும் புகாது என்றார்கள், இரண்டும் நல்ல மாற்றம். பேட்டரி நேரம் அதே 12. 2025ல் ஏழாவது வந்தபோதுதான் 14 ஆயிற்று.

இதில் எனக்குப் பொறுக்காதது வேறொன்று. இந்த ஸ்பீக்கர்கள் இரண்டைச் சேர்த்துப் பாட வைக்கலாம். நாலாவது அதற்குக் கனெக்ட் பிளஸ் என்ற முறையைப் பேசியது. அஞ்சும் ஆறும் பார்ட்டி பூஸ்ட் என்று வேறு பாஷை. நாலும் அஞ்சும் ஒன்றோடொன்று சேராது. ஏழாவது ஆராகாஸ்ட் என்று மூன்றாவது பாஷைக்குப் போய்விட்டது, அதோடு ஆறு சேராது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே உருவம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. ஆராகாஸ்ட் புளூடூத்தின் பொதுத் தரம், அதற்குப் போனது சரியான வழிதான். ஆனால் பழையவனைக் கைவிடாமல் போக முடியாதா?

முடியும். எப்படித் தெரியும் என்றால், நாங்கள் செய்திருக்கிறோம்.

ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் போடுவதற்குக் கட் ஓவர் என்று பெயர். சனிக்கிழமை ராத்திரிதான் வைப்பார்கள், டிராஃபிக் குறைவாக இருக்கும் என்று. மாசக்கணக்கில் ஒவ்வொரு ஜோடி வயரையும் சோதித்து, அந்த ராத்திரி எம்.டி.எஃப். முன்னால் வரிசையாக நின்றுகொண்டு, சொன்ன நிமிஷத்தில் பழைய பக்கத்தைப் பிரித்துப் புதிய பக்கத்துக்கு ஆயிரக்கணக்கான லைனை மாற்றுவோம். ஹால் நிறைய டக டகவென்று நெல் குத்துவது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஸ்ட்ரௌஜர், ஒரு நிமிஷத்தில் பிணம் மாதிரி அடங்கும். எனக்கு அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. விடிந்ததும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பாட்டி, பெங்களூர் ஐ.டி.ஐ.யில் செய்த கறுப்பு டயல் போனை எடுத்து, விரலை விட்டுச் சுற்றி, மகளோடு பேசுவாள். அவளுக்கு ராத்திரி நடந்தது எதுவும் தெரியாது. எதற்குத் தெரிய வேண்டும்? டயல் சுற்றினால் வருவது துடிப்பு, பொத்தான் போனில் வருவது டோன். புது எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் புரிந்துகொண்டது. அது தானாக வரவில்லை. துடிப்பு எண்ணுவதற்கென்று யாரோ ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்து அதற்கும் இடம் வைத்தார். புது எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது, உங்கள் போன் எண்ட் ஆஃப் லைஃப், கடைக்குப் போய் வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் ஊர் எங்களைத் தெருவில் விட்டு அடித்திருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு கட்டடத்தையே மாற்றியபோது காப்பாற்ற முடிந்ததை, ஒரு பாட்டில் அளவு பெட்டியில் காப்பாற்ற முடியவில்லையாம்.

ஆக்ஸ் துளைக்கும் எனக்கும் பழைய உறவு. சொன்னேனே, ட்ரங்க் போர்டில் பெண்கள் சொருகும் கார்டு, அதன் முனையில் இருக்கும் கால் அங்குலப் பிளக். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்தது அது. அதன் குட்டிதான் நம் 3.5 மில்லிமீட்டர் பிளக். நூறு வருஷத்துக்கும் மேல் எந்த நாட்டுச் சாமானையும் எந்த நாட்டுச் சாமானோடும் சேர்த்து வைத்த துளை. பாஸ்வேர்டு கேட்காது, அப்டேட் கேட்காது, பேர் கேட்காது. சொருகினால் பாடும். 2016ல் ஆப்பிள் தன் ஏழாவது ஐபோனில் அதை அடைத்தபோது, மேடையில் பேசியவர் அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது.

துளை போனதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். என் அலமாரியில் அறுபது கேசட் இருக்கிறது. அதில் ஒன்றில் என் மாமனார், பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். கேசட் பிளேயருக்கு புளூடூத் தெரியாது. நடுவில் இன்னொரு டப்பா வாங்கி மாட்டலாம், அதற்கும் தனியாகச் சார்ஜ் போட வேண்டும். பத்து ரூபாய் துளையை எடுத்துவிட்டு ஆயிரம் ரூபாய் டப்பா. தவிர, புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். பாட்டுக்குத் தெரியாது. டிவியோடு சேர்த்தால் சிவாஜி வாயை மூடிய பிறகு வசனம் வரும். சிவாஜிக்கு இந்த அவமானம் வேண்டாம்.

என் மகனும் அவன் வயதுக்காரர்களும் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். தண்ணீர் புகாமல் இருக்க வேண்டுமானால் துளைகளை அடைக்கத்தான் வேண்டும், பேட்டரியைச் சீல் வைக்கத்தான் வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நாலாவது ஃபிளிப்பில் ஆக்ஸ் துளை இருந்தது, ரப்பர் மூடிக்குக் கீழே. அதுவும் தண்ணீர் புகாததுதான், ஐபிஎக்ஸ் 7. அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். கபாலி கோயில் தெப்பக்குளத்தில் போட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து எடுத்தாலும் பாடும். பேட்டரிக்கும் அப்படித்தான். அதே கம்பெனி 2024ல் விட்ட எக்ஸ்ட்ரீம் 4 என்ற பெரிய ஸ்பீக்கரில் பேட்டரியை நாமே மாற்றலாம், தண்ணீரும் தூசியும் அதிலும் புகாது. ஆக, முடியாது என்பதில்லை. செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

கட்டாயம் வந்தால் தானாக முடியும். ஐரோப்பாவில் எல்லாச் சின்னச் சாமானுக்கும் ஒரே மாதிரி யூஎஸ்பி-சி சார்ஜர் என்று சட்டம் போட்டார்கள், 2024 டிசம்பர் 28லிருந்து அமல். எத்தனையோ வருஷம் முடியாது என்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு மாற்றினார்கள். அதே ஐரோப்பாவின் 2023ஆம் வருஷத்து பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி 18லிருந்து இந்த மாதிரிக் கைச்சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று அரசாங்கம் ஒரு இணையதளம் திறந்தது. நல்லது. இணையதளம் திறப்பது வேறு, சட்டம் போடுவது வேறு. மின் குப்பைக்கு 2023 ஏப்ரலிலிருந்து புது விதிகள் இருக்கின்றன, தயாரித்தவர்களே திரும்ப வாங்கி உருக்க வேண்டும் என்று. உருக்குவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க விடுங்களேன் என்பதுதான் என் மனு.

வயசானவர்களுக்குச் சாமான் செய்தால் விற்காது என்பதும் பொய். 2017ல் சரிகம கம்பெனி கார்வான் என்று ஒரு பெட்டி விட்டது. பழைய ரேடியோ உருவம், முகத்தில் பெரிய குமிழ், உள்ளேயே 5000 பாட்டு, போன் தேவையில்லை. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கப் போட்டி போட்டார்கள். குமிழுக்குக் காசு கொடுக்க ஜனங்கள் இருக்கிறார்கள். நானும் அதை வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். இவள் மறுத்துவிட்டாள். "அதுல என் பாட்டு எந்த இடத்துல இருக்கும்னு நான் மறுபடி முதல்லேருந்து படிக்கணும்."

ஆகவே பழைய பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மந்தவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பொடிநடையாக ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத கடை. ஸ்டூலில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான், அடியில் இருந்த ரப்பர் காலை நகத்தால் நெம்பினான். அதற்குக் கீழே நாலு ஸ்க்ரூ ஒளிந்துகொண்டிருந்தது. சீல் பண்ணியது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதன் அழகு அதுதான். "போர்டு கல்லு மாதிரி இருக்கு சார். செல்லு ரெண்டும்தான் போச்சு." 18650 என்ற சாதாரண செல். குறுக்கே 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், அதுதான் பெயர். லாப்டாப் பேட்டரியிலும் டார்ச்சிலும் போடுவது. பட்டையை வெல்டு வைத்து, மீட்டரில் பார்த்து, மூடிக் கொடுத்தான். இருபது நிமிஷம். செல்லுக்கும் கூலிக்கும் சேர்த்து 480 ரூபாய். புது ஸ்பீக்கருக்கு நான் கொடுத்தது இதைப் போல ஒன்பது மடங்கு. "புதுசு வாங்கிட்டீங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். "எல்லாரும் வாங்கிட்டுத்தான் வர்றாங்க" என்று அடுத்த ஆளைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து, அவளிடம் ஒன்றும் சொல்லாமல், பழைய இடத்தில், தோசைக்கல் தொங்கும் ஆணிக்குக் கீழே, குமிழ் இடது பக்கம் வரும்படி வைத்தேன். ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது கை பட்டிருக்க வேண்டும். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டு கேட்டேன். அலமாரி ஓரமாகக் கை உரசும் சத்தம். அப்புறம் டிக்.

புதுசு ஹாலில் ஷோகேசில் இருக்கிறது. பேரன் லீவுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். மிருதங்கம் அதில்தான் நன்றாகக் கேட்கிறது.